புதுப்பிப்பு: ஒருவழியாக முதலீட்டைத் தொடங்கிவிட்டேன்

தனிப் பங்கு வாங்குவதா, பலரின் பணத்தைச் சேர்த்துப் பல பங்குகளில் போடும் ஃபண்டில் போடுவதா என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி முதலில் கிரெடிட் கார்டு கடனை அடைத்தேன். அப்புறம் மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கினேன். இப்போது மாதாமாதம் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் (ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட்) போடுகிறேன்.

என்னை உலுக்கியது ஃபண்ட் நடத்துபவர்கள் எடுக்கும் கட்டணத்தின் கணக்குதான். ஆண்டுக்கு 7% வளர்ந்தால் 100 என்பது 30 வருடத்தில் சுமார் 761 ஆகிறது. அதில் 1% கட்டணமாகப் போய் 6% மட்டும் வளர்ந்தால் 574தான். ஒரே ஒரு சதவீதம்! தயவுசெய்து ஃபண்டின் செலவு விகிதத்தை, அதாவது ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கட்டணமாக எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள்.

நடுவில் சந்தை இறங்கியபோது தூக்கமே வரவில்லை. ஆனாலும் விற்கவில்லை. அன்று பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.