சன்னலில் தொங்கவிடும் இரும்பு இலைகள்: காம்பு முறிகிறது, துரு ஏறுகிறது

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் கிழக்குச் சன்னலில் தொங்கவிடுவதற்காக இலை, மீன், சிறு பறவை ஆகிய வடிவங்களை இரும்பில் காய்ச்சி அடித்துச் செய்யப் பழகி வருகிறேன். மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி, கையால் சுற்றும் ஊதுகாற்றாடி பொருத்திய ஒரு சிறிய கரி உலை வைத்திருக்கிறேன். மண்ணடியில் வாங்கிய 10 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பி, ஒரு கிலோ சுத்தியல், ஒரு சிறிய பட்டடை, இரண்டு குறடுகள் ஆகியவையே என் கருவிகள்.

எனக்கு இரண்டு சிக்கல்கள் உள்ளன. இதுவரை அடித்த 11 இலைகளில் 4 இலைகள், காம்பைச் சுருட்டி வளைக்கும் நேரத்தில், இலையும் காம்பும் சேரும் கழுத்திலேயே முறிந்துவிட்டன. முறியாமல் தப்பியவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் தொங்கவிட்டேன். மூன்றே வாரங்களில் துரு ஏறி, சன்னலின் வெள்ளைச் சுவரிலும் பழுப்புக் கறை இறங்கிவிட்டது. கேட்டுக்கு அடிப்பதுபோலக் கறுப்பு எனாமல் அடித்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு சுத்தியல் தடமும் தனித்தனியே மினுங்குவதைப் பார்த்த பிறகு, அதைத் தடித்த பெயிண்டால் மூட எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (வியாசர்பாடி, பட்டறை)

அம்மா, முறிந்த நான்கு இலைகளையும் எறிந்துவிடாதீர்கள். முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எங்கள் பட்டறையில் அப்பா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான். முகம் முழுவதும் கற்கண்டை உடைத்ததுபோலப் பெரிய மணிகளாக மினுங்கினால், இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது என்று பொருள். ஓரத்தில் கறுப்பும் உள்ளே புது வெண்மையும் தெரிந்தால், வெடிப்பு வெகு முன்பே விழுந்து, அடுத்தடுத்த சூட்டில் அதன் உட்புறம் கருகி, கடைசியில் வளைக்கும்போது மீதி இரும்பும் விட்டுவிட்டது என்று பொருள்.

மைல்டு ஸ்டீல் கம்பியை அடிக்க ஏற்ற சூடு ஏறத்தாழ 1000 முதல் 1200 டிகிரி செல்சியஸ் வரை. கண்ணுக்கு அது நல்ல ஆரஞ்சு நிறத்திலிருந்து மஞ்சள் வரை தெரியும். மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டும். நீங்கள் மொட்டை மாடியில் வேலை செய்வதாக எழுதியிருப்பதால் ஒன்றைச் சொல்கிறேன்: வெயிலில் சூட்டின் நிறம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். இன்னும் காயவில்லை என்று எண்ணி மேலும் ஊதினால் கம்பி பூப்பூவாகப் பொறி விடும். அப்படிப் பொறி விட்ட இரும்பு எரிந்த இரும்பு, அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. உலைக்கு மேல் ஒரு தகரக் கூரை போடுங்கள், அல்லது வெயில் சாய்ந்த பிறகு அடியுங்கள்.

அடிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் முனையை நான்கு பட்டையாக இழுத்து, பிறகு எட்டுப் பட்டையாக்கி, கடைசியில் உருட்டுங்கள். உருண்டையாகவே வைத்து இழுத்தால் நடுவில் பிளந்துவிடும். முனையிலிருந்து சுமார் 25 மில்லிமீட்டர் உள்ளே, கம்பியைப் பட்டடையின் விளிம்பில் வைத்து, சுத்தியலின் பாதி முகம் மட்டும் படும்படி அடித்து, ஒவ்வோர் அடிக்கும் கால் சுற்றுத் திருப்பிக் கழுத்தை இறக்குங்கள், அதாவது அந்த இடத்தை மட்டும் ஒடுக்குங்கள். அதன் பிறகு காம்பை இழுத்து நீட்டிவிட்டு, கடைசியாகத்தான் இலையைத் தட்டையாக்க வேண்டும். தட்டையாக்கிய இலை மெல்லியது. காம்புக்காக மறுபடி உலையில் வைத்தால், காம்பு சிவப்பதற்குள் இலையின் ஓரம் எரிந்துவிடும். நரம்புகளை மழுங்கிய உளியால் பதியுங்கள். எல்லா வேலையும் முடியும் வரை துண்டைத் தாய்க்கம்பியிலிருந்து வெட்டாதீர்கள். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு துண்டு குறட்டில் பிடித்த சில நொடிகளிலேயே ஆறிவிடும்.

இன்னொன்றையும் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். விலை குறைவு என்று ஜி.ஐ. கம்பியை, அதாவது துத்தநாகம் பூசிய கம்பியை, உலையில் வைக்காதீர்கள். அதன் மேலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாக எழும். அதை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வந்துவிடும்.

பதில் 2 (திருவொற்றியூர்)

நான் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் வீடும் கடலுக்கு அருகில்தான் உள்ளது. துருவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பில் சோடியம் குளோரைடு மட்டுமல்லாமல் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. முன்னது, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். பின்னதற்கோ 33 சதவீதமே போதும். நம் பகுதியில் காற்று அதைவிட வறண்டு போகும் நாள்கள் மிக அரிது என்பதால், உங்கள் இலைகள் ஆண்டு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீரில் நனைந்தபடியே இருக்கின்றன. உலராத தன்மையுடைய தேங்காய் எண்ணெய் படலமாக இறுகாது. அது தூசியையும் உப்பையும் பிடித்துவைக்கத்தான் உதவும்.

உலையிலிருந்து வரும் கறுப்புச் செதில் பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், அது விரிசல் விட்ட இடங்களில் அடியிலுள்ள இரும்பைத் துரு ஆழமாகக் குழித்துவிடும். இலைகளை ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே அடுப்புச் சூட்டில் உலர்த்துங்கள். கை பொறுக்காத, ஆனால் புகை எழாத சூட்டில் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவித் துடைத்துவிட்டு, அது இறுகிய பின் மேலே தேன்மெழுகு பூசுங்கள். அந்த எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் போடக் கூடாது, அது தானாகவே தீப்பிடிக்கக்கூடியது; விரித்து உலரவிடுங்கள். இந்தப் பூச்சு சன்னலின் உட்புறத்துக்கே போதுமானது, அதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெளிப்புறம் என்றால் நிறமில்லா இரட்டைக் கலவை பாலியூரித்தேன் பூசுங்கள். சுத்தியல் தடம் மறையாது.

பதில் 3 (ராயபுரம்)

மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கடலைப் பார்த்த சன்னலுக்கு இரும்புதான் வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. நான் செப்புத் தகட்டில் மீன்கள் செய்கிறேன். செம்பை மங்கிய சிவப்பு வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கினால், எஃகுபோலக் கடினமாகாமல் மென்மையாகவே இருக்கும். அதன் பிறகு ஆறிய நிலையிலேயே மரக்கட்டையின் மேல் வைத்து அடிக்கலாம். அடி வாங்க வாங்க விறைக்கும், மறுபடி காய்ச்சினால் இளகும். கறுத்த மேற்பரப்பைப் புளி போட்டுத் தேய்த்தால் வெளுத்துவிடும். கடற்காற்றில் நிறம் மாறிப் பழுப்பும் பச்சையும் ஏறும், ஆனால் இரும்பைப்போல உதிர்ந்து போகாது.

இரும்பிலேயே தொடர்வதானால் செப்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடாதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் முதலில் அரிக்கப்படும். காசிமேட்டுப் பக்கம் தூண்டில் பொருள் விற்கும் கடைகளில் சிறிய சுழல் கொக்கியும் நரம்பும் கிடைக்கும். அந்தக் கொக்கி இருந்தால் இலை காற்றில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நரம்பு முறுக்கிக்கொள்ளாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முறிந்த முகங்களைப் பார்த்தேன். நான்கிலும் மேல் ஓரத்தில் ஒரு கறுப்புப் பிறை தெரிகிறது, கீழே வெண்மையாக இருக்கிறது. அப்படியானால் முதல் சூட்டிலேயே வெடிப்பு விழுந்திருக்கிறது என்று கொள்ளலாமா? என் பட்டடையின் விளிம்பு கத்திபோலக் கூராக இருக்கிறது.

பதில் 1 (வியாசர்பாடி, பட்டறை)

அந்த விளிம்புதான் காரணம். கூரான விளிம்பில் கழுத்தை இறக்கும்போது இரும்பு வெட்டுப்பட்டு, அடுத்த அடியில் அந்த வெட்டின் மேலேயே மடிந்து படுத்துக்கொள்கிறது. வெளியே தெரியாது, உள்ளே ஒட்டவும் ஒட்டாது. பட்டடையின் ஒரு பக்கத்தில் கை அகல நீளத்துக்கு மட்டும் அரத்தால் ராவி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு வளைவு கொடுங்கள். மறுபக்க விளிம்பைக் கூராகவே விட்டுவிடுங்கள், துண்டை வெட்டி எடுக்க அது தேவைப்படும். அடுத்த இலையில் கழுத்தை இறக்கியவுடன், காம்பை இழுப்பதற்கு முன், ஒருமுறை கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால், அந்த இடத்தை அரத்தால் ராவி எடுத்துவிட்டுத் தொடருங்கள்.