பழத்தில் செதுக்கிய பூ விடிவதற்குள் துவண்டுவிடுகிறது: ஞாயிறு பால்காய்ப்பு, அவசர உதவி தேவை

மேல்புறம்_மருமகள் (வியாழன், காலை 7.10)
அனைவருக்கும் வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்பு. வரவேற்பு மேசையின் நடுவில் வைப்பதற்காக நானும் நாத்தனாரும் பிள்ளைகளும் சேர்ந்து பழத்தில் பூ செதுக்கி ஒத்திகை பார்த்தோம். செதுக்கி முடித்தபோது, கடையில் சொல்லிச் செய்ததா என்று மாமியாரே கேட்கும் அளவுக்கு நன்றாக வந்தது. காலையில் எடுத்துப் பார்த்தால் இதழ்கள் எல்லாம் துவண்டு கிடக்கின்றன, தட்டு நிறையத் தண்ணீர். எப்படிச் செய்தால் ஞாயிறு மதியம்வரை நிற்கும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

தோவாளைக்காரன் (7.32)
என்ன பழம் என்று எழுதவே இல்லையே, தங்கச்சி. எங்கே வைத்திருந்தீர்கள், மூடி வைத்தீர்களா, எத்தனை மணிக்குச் செதுக்கினீர்கள் என்பதையும் சொன்னால்தான் யாராலும் பதில் சொல்ல முடியும்.

பழமுதிர் (7.40)
எந்தப் பழமாக இருந்தாலும் தீர்வு ஒன்றுதான். ஒரு பாத்திரம் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பைக் கரைத்து, செதுக்கிய பழத்தை அதில் முக்கி எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஆப்பிளை நறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவோம். மாலைவரை அப்படியே இருக்கும்.

கத்தியும்பலகையும் (8.15)
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு என்பதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. நோயாளியின் பெயரைக்கூடச் சொல்லாமல் மருந்து கேட்கிறார் ஒருவர், அதற்குள் இன்னொருவர் மருந்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார். பழமுதிர் அவர்களே, ஆப்பிள் கறுப்பது வேறு, பூ துவள்வது வேறு. ஆப்பிளை வெட்டியவுடன் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகிறது, அதை உப்பும் எலுமிச்சைச் சாறும் தடுக்கும். ஆனால் தர்பூசணியில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான் இருக்கிறது. அதன்மேல் உப்புப் பட்டால் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் நீர்விடுவதைப் பார்க்காதவர் யாரும் இங்கே இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பழமுதிர் (8.22)
தர்பூசணி என்று யார் சொன்னது? அவர்தான் இன்னும் பழத்தின் பெயரே சொல்லவில்லையே!

மேல்புறம்_மருமகள் (9.05)
மன்னிக்கவும், தர்பூசணிதான். ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டோம். உப்பு எதுவும் போடவில்லை.

பாறசாலை_தமிழன் (9.20)
தட்டில் வடிந்த தண்ணீர் சிவப்பாக இருந்ததா? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், அது சாயம் ஊசி ஏற்றிய பழம். எல்லை தாண்டி லாரியில் வரும் பழங்களை நம்பி வாங்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள்.

மேல்புறம்_மருமகள் (9.24)
ஆமாம், சிவப்புத் தண்ணீர்தான். பயமாக இருக்கிறது. பிள்ளைகள் செதுக்கும்போதே தின்றார்கள்.

திண்டிவனத்து_மாப்பிள்ளை (9.50)
அக்கா, பயப்பட வேண்டாம். என் மாமனார் தர்பூசணி போடுகிறவர் என்பதால் இந்தப் பேச்சை நான் சும்மா விட முடியாது. 2025 கோடையில் இந்த ஊசிக் கதை பரவியபோது, விளைந்த பழத்துக்கு விலை கிடைக்காமல் தமிழ்நாட்டு உழவர்கள் எவ்வளவு தவித்தார்கள் என்பது செய்தி பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஊசி குத்திய பழம் குத்திய இடத்திலிருந்தே அழுகத் தொடங்கும், ஏற்றிய சாயமும் பழம் முழுக்கச் சீராகப் பரவாது. நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி அசைக்காமல் வையுங்கள். தர்பூசணியின் சிவப்பு லைக்கோபீன் என்ற நிறமியால் வருவது, அது தண்ணீரில் கரையாது. ஆகவே நேரம் ஆக ஆகச் சிவப்பு மண்டியாகக் கீழே இறங்கி, மேலே வெளுத்த தண்ணீர் தெளிந்து நிற்கும். தண்ணீரில் கரையும் சாயமாக இருந்தால் அப்படித் தெளியாது.

பாறசாலை_தமிழன் (10.02)
பஞ்சால் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறார்களே, அது என்ன பொய்யா? பஞ்சு சிவந்தால் கலப்படம் என்றுதானே அதற்குப் பொருள்?

திண்டிவனத்து_மாப்பிள்ளை (10.11)
நன்றாகப் பழுத்த பழத்தை அழுத்தித் தேய்த்தால் சதையே பஞ்சில் ஒட்டிக்கொள்ளும், அண்ணாச்சி. ஒட்டியது சதையா சாயமா என்று பார்க்காமல் முடிவுக்கு வந்தால் எந்தப் பழமும் தேறாது. கலப்படமே எங்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒரு தட்டுத் தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் உழவன்மேல் பழி போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கத்தியும்பலகையும் (10.30)
பழத்துக்குச் சாதகம் கணிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்ட கேள்விக்கு வரலாமா? அம்மணி, உங்கள் பழம் காய் வெட்டும் கத்தியால் செதுக்கப்பட்டது என்று நான் பந்தயம் கட்டுகிறேன். தாய்லாந்தில் இதற்கென்றே இலைபோல் மெலிந்து கூராக முடியும் சிறு கத்தி இருக்கிறது. தடித்த கத்தி சதையை நசுக்கிக்கொண்டு போகும், நசுங்கிய இதழ் நிற்காது. கத்தியை மாற்றாமல் வேறு எதை மாற்றினாலும் பயன் இல்லை.

குலசேகரம்_அடுப்படி (11.15)
கத்தியும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் நசுங்கிய இதழ் செதுக்கும்போதே தெரிந்திருக்கும். ராத்திரி கடையில் செய்ததுபோல் நிமிர்ந்து நின்ற பூ காலையில் விழுந்தது என்றால், நடுவில் நடந்தது என்ன என்றுதான் பார்க்க வேண்டும். தங்கச்சி, பழத்தை இன்னும் தூக்கி எறியவில்லை என்றால் இதழின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் சுருங்கித் தோல்போல் உலர்ந்திருக்கிறதா, அல்லது கண்ணாடிபோல் மறுபக்கம் தெரிகிறதா? இரண்டுக்கும் காரணம் வேறு. ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில் வைத்தீர்கள், ஒற்றைக் கதவா இரட்டைக் கதவா என்பதையும் சொல்லுங்கள்.

மேல்புறம்_மருமகள் (11.48)
கண்ணாடிபோல்தான் இருக்கிறது, அக்கா. தொட்டால் கொழகொழவென்று வருகிறது. ஒற்றைக் கதவு. பழம் பெரியது என்பதால் நடுத்தட்டை எடுத்துவிட்டு உயரமாக வைத்தோம், பூவின் தலை ஃப்ரீசருக்கு அடியில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கெட்டுப் போகக் கூடாது என்று இவர் குளிரையும் கூட்டி வைத்தார்.

குலசேகரம்_அடுப்படி (12.20)
அப்படியானால் உங்கள் பூ வாடவில்லை, உறைந்து பிறகு உருகியிருக்கிறது. ஒற்றைக் கதவுப் பெட்டியில் ஃப்ரீசரை ஒட்டிய இடம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், அதிலும் குளிரைக் கூட்டி வைத்தால் கேட்கவே வேண்டாம். பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது விரிந்து சதையின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். வெளியே எடுத்ததும் கட்டி உருகி, கிழிந்த சுவர் வழியாகச் சாறு முழுவதும் தட்டுக்கு வந்துவிடும். அந்த இதழை எந்த வைத்தியத்தாலும் மறுபடி நிமிர்த்த முடியாது.

ஞாயிறுக்கு இப்படிச் செய்து பாருங்கள். முழுப் பழத்தை ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம், வெட்டாத தர்பூசணி நிழலான இடத்தில் நன்றாக இருக்கும். சனிக்கிழமை இரவு பிந்திச் செதுக்குங்கள், முடிந்தால் ஞாயிறு அதிகாலையில் இன்னும் நல்லது. அதிகம் கனிந்து மணல்போல் உதிரும் பழம் வேண்டாம், சதை இறுக்கமாக இருக்கும் பழமாகக் கேட்டு வாங்குங்கள். பச்சைத் தோலை மட்டும் சீவி, அதன் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில் வெளி இதழ்களை அமைத்து, சிவப்பு நடுவில் மட்டும் தெரியும்படி உள்ளே போங்கள். வெள்ளைப் பகுதி கெட்டியாக இருப்பதால் நிமிர்ந்து நிற்கும், சிவப்புச் சதையில் ஆழமாகச் செதுக்கிய இதழ் அவ்வளவு நேரம் தாங்காது. ஒவ்வோர் இதழும் அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்க வேண்டும். முடித்ததும் ஐஸ் தண்ணீரைத் தெளித்து, பிழிந்த ஈரத் துணியால் போர்த்தி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, காய்கறிப் பெட்டியை எடுத்துவிட்டு அந்த அடித்தட்டில் வையுங்கள். குளிரை நடுவில் வைத்தால் போதும். மூடாமல் வைத்தால் அடுத்த தொல்லையான ஓரம் உலர்வது வந்துவிடும், இரட்டைக் கதவுப் பெட்டிகளில் காற்று சுழல்வதால் அது இன்னும் விரைவில் நடக்கும்.

மேசையில் வைக்கும்போது அடிப்பக்கத்தை ஒரு சீவு சீவித் தட்டையாக்கி, தாம்பாளத்துக்குள் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் பழத்தை வைத்து, சுற்றிலும் வாழையிலை பரப்புங்கள். என்ன செய்தாலும் கொஞ்சம் சாறு வடியத்தான் செய்யும், ஆனால் அது வாழையிலைக்கு அடியில் தங்கிவிடும்.

கத்தியும்பலகையும் (12.41)
இதையேதான் நான் வேறு சொற்களில் சொன்னேன். கத்தியும் முக்கியம்.

தோவாளைக்காரன் (12.55)
பிள்ளைகள் கையில் கத்தி கொடுத்தீர்களா? அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வழுக்கும் பழமும் கூரான முனையும் சேர்ந்தால் பெரியவர்கள் விரலே தப்புவதில்லை. பிள்ளைகளுக்குப் பப்பாளி, முலாம்பழத் துண்டுகளும் பிஸ்கட் வெட்டும் அச்சும் கொடுங்கள். அச்சில் அழுத்திய பூக்களை ஈர்க்கில் குத்தி நடுப் பழத்தைச் சுற்றிச் செருகலாம். பப்பாளி பாதி பழுத்ததாக இருக்கட்டும், பச்சைக் காயின் பால் கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும். பின்பக்கம் காலியாகத் தெரிந்தால் எங்கள் ஊர்ச் சந்தைப் பூ இருக்கவே இருக்கிறது.

பாறசாலை_தமிழன் (13.10)
இவ்வளவு தொல்லை எதற்கு? நம் பக்கத்தில் புது ரப்பர் கன்றுகளுக்கு இடையே அன்னாசி நிறைய விளைகிறது. அந்தக் கைதச்சக்கையின் (அன்னாசியைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) தோலைச் சீவி, கண்கள் போகும் சாய்ந்த வரிசையிலேயே கத்தியால் பள்ளம் எடுத்துக்கொண்டு வந்தால், திருகிய தூண்போல் அழகாக வரும். தலை இலையை எடுக்காமல் விட்டால் அதுவே அலங்காரம். ஃபிரிட்ஜும் வேண்டாம், உறைவதும் வேண்டாம். ஊசியும் ஏற்ற மாட்டார்கள்.

திண்டிவனத்து_மாப்பிள்ளை (13.14)
மறுபடியும் ஊசியா, அண்ணாச்சி?

பழமுதிர் (13.30)
நிகழ்ச்சி முடிந்ததும் வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே, வீணாகாது.

குலசேகரம்_அடுப்படி (13.52)
வேண்டாம். வெட்டிய தர்பூசணி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தின்னக் கொடுக்கக் கூடாது, அதிலும் பல கைகள் பட்டு, ஈ மொய்த்து, வெயில் நேரத்தில் மேசைமேல் நின்ற பழத்தை. செதுக்கும்போது விழும் துண்டுகளை உடனுக்குடன் டப்பாவில் அடைத்துக் குளிரில் வைத்தால் பிள்ளைகளுக்கு அதுவே போதும். மேசைப் பழம் பார்வைக்கு மட்டும் இருக்கட்டும், பிறகு மாட்டுக்குப் போடுங்கள்.

பழமுதிர் (14.05)
பழத்தைப் பார்வைக்கு மட்டும் என்று வைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் காலத்தில் குலை குலையாக வாழையைக் கட்டினார்கள், மறுநாள் வீட்டுக்கு வீடு பங்கு வைத்துத் தின்றார்கள்.

கத்தியும்பலகையும் (14.20)
அந்தக் காலத்தைப் பற்றிப் பேசத் தனி இடம் இருக்கிறது.

மேல்புறம்_மருமகள் (திங்கள், இரவு 8.40)
எல்லோருக்கும் நன்றி. தர்பூசணி மதியம்வரை நின்றது, வெளி இதழ்கள் மட்டும் கொஞ்சம் தளர்ந்தன. வந்தவர்கள் அன்னாசியைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள். தம்ளர்த் தண்ணீரும் மேலே தெளிந்துதான் நின்றது.

குலசேகரம்_அடுப்படி (திங்கள், இரவு 9.02)
மகிழ்ச்சி, தங்கச்சி. எத்தனை மணிக்குச் செதுக்கினீர்கள், துணி போர்த்தி வைத்தீர்களா, வெளி இதழ்களைத் தோலுக்கு எவ்வளவு நெருக்கமாக எடுத்தீர்கள் என்பதையும் எழுதினால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

நெய்யாற்றின்கரை_அத்தை (புதன், காலை 6.30)
என் மகள் நிச்சயதார்த்தத்துக்கும் இப்படி ஒன்று வைக்க ஆசை. பழம் வாங்கிவிட்டேன். கத்தி வைத்தவுடன் தானாகவே நெடுகப் பிளந்துகொள்கிறது. என்ன காரணமாக இருக்கும்?

கத்தியும்பலகையும் (புதன், காலை 6.45)
என்ன பழம்?