‘பவுண்டரி’க்கு ‘வார்ப்பாலை’ பொருந்துமா? ‘செய்கூலி ஆலை’ என ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மின்னணுச் சில்லுகளைச் செய்யும் குறைகடத்தித் துறையில், பிறர் வடிவமைத்த சில்லுகளைச் செய்து கொடுக்கும் ஆலையைப் ‘பவுண்டரி’ (foundry) என்கிறார்கள். அச்சொல்லுக்கு, உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலையைக் குறிக்கும் ‘வார்ப்பாலை’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற மடலில் கோவை ஐயா எழுதியிருந்தார்கள். இரும்பு வார்ப்படத் தொழிலோடு வாழ்நாள் முழுவதும் பழகியவர்கள் அவர்கள். ஆயினும் சில்லு உருவாக்கத்தைப் பொறுத்தவரை அச்சொல் மாணவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைக் கண்ணால் கண்டபின் எழுதாமல் இருக்க இயலவில்லை.

மதுரையில் நான் பாடம் நடத்தும் பாலிடெக்னிக் வகுப்பில், தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் என்ன செய்கிறது என்ற வினாவுக்கு ஒரு மாணவி, உருக்கிய சிலிக்கானை அச்சில் ஊற்றிச் சில்லுகளை வார்க்கிறது என்று விடை எழுதி, ஓரத்தில் உலையும் நீண்ட கரண்டியும் வரைந்திருந்தார். பிழை அவருடையதன்று, பாடக்குறிப்பிலிருந்த ‘வார்ப்பாலை’ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. சிலிக்கானை உருக்குவது உண்டு. ஆனால் அது படிகத் தண்டை இழுத்தெடுப்பதற்காக, சில்லு ஆலைக்கு வருமுன்பே முடிந்துவிடும் வேலை. ஆலைக்குள் வந்து சேர்வது பெரும்பாலும் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய வட்டத் தகடு. அதன்மேல் ஒளியுணர் பூச்சைத் தடவி, வடிவம் வரைந்த மறைப்பின் வழியே ஒளியைச் செலுத்தி அவ்வடிவத்தைப் பதித்து, வேண்டாத இடத்தை அரித்தெடுத்து, மீண்டும் பூசி, மீண்டும் பதித்து என்று அடுக்கடுக்காகச் செல்லும் அந்த வேலையில் அச்சில் ஊற்றுவதற்கு எதுவுமில்லை.

செய்முறையை ஒட்டி வேறொரு சொல்லைத் தேடினாலும் போதாது. பவுண்டரியிலும் பிற சில்லு ஆலைகளிலும் நடக்கும் வேலை ஒன்றுதான். யாருடைய வடிவமைப்பை யாருக்காகச் செய்கிறார்கள் என்பதே வேறுபாடு. 1987இல் மாரிஸ் சாங் தொடங்கிய டிஎஸ்எம்சி தன் பெயரில் சில்லு விற்பதில்லை. பிறர் கொடுக்கும் வடிவமைப்பைச் செய்து கொடுக்கிறது. மேக் கணினிகளுக்கு இன்டெல்லிடம் சில்லு வாங்கிவந்த ஆப்பிள், 2020இல் தானே வடிவமைத்த எம்1ஐ அங்கேதான் செய்வித்தது. கூகுள் 2016இல் டிபியூ, அமேசான் 2018இல் கிராவிட்டான், மைக்ரோசாஃப்ட் 2023இல் மாயா எனத் தாமே வடிவமைத்த சில்லுகளை அறிவித்தன. வன்பொருளைப் பிறரிடம் வாங்கிப் பழகிய நிறுவனங்களெல்லாம் வடிவமைப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டிருக்க, ஆலை மட்டும் இன்னொருவருடையதாகவே இருக்கிறது. இந்த உறவைச் சொல்லாத கலைச்சொல் இன்றைய செய்திக்கு உதவாது.

இந்த உறவுக்குரிய சொல் நம் தெற்கு ஆவணி மூல வீதியில் நாள்தோறும் புழங்குகிறது. நகை செய்யக் கொடுத்தால், வடிவம் நாம் சொன்னது, கைத்திறன் பத்தருடையது, நகை நம்முடையது, பத்தருக்குரியது செய்கூலி. ஆகவே ‘செய்கூலி ஆலை’ என்று முன்மொழிகிறேன். எல்லா வகைக்கும் பொதுவாகச் ‘சில்லு ஆலை’ இருக்கட்டும்.

‘கூலி’ என்பது தொழிலைத் தாழ்த்துவதாகக் காரைக்குடி அம்மா கருதக்கூடும். முன்பொரு சொல்லுக்கு அப்படி எழுதியிருந்தார்கள். ஆனால் கூலி என்ற பகுதியைத் தனியே பிரித்துப் பார்க்காமல் ‘செய்கூலி’ என்று முழுதாகக் கேட்கும்போது, தாலிக்கும் ஒட்டியாணத்துக்கும் நுட்பத்தைப் பொறுத்து நாம் கொடுக்கும் மதிப்பே நினைவுக்கு வருகிறது. வேலைப்பாடு கூடினால் செய்கூலி கூடும். சில்லுச் செய்முறையில் மிக நுண்ணிய ஐந்து நானோமீட்டர்த் தொழில்நுட்பத்துக்கும் அதுவே கணக்கு. இன்னொரு தடை மெய்யானது: நகையில் தங்கம் நம்முடையதாக இருக்கலாம், இங்கோ தகடு ஆலையுடையது. இந்த இடத்தில் ஒப்புமை முழுமையாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் மணலிலிருந்து வரும் சிலிக்கானைத் தங்கத்தோடு வைத்து எண்ண வேண்டியதில்லை. இத்தொழிலில் தங்கத்துக்கு நிகராகக் கொண்டுவந்து ஒப்படைக்கப்படுவது வடிவமைப்புத்தான். மேலும், விலை பெரும்பாலும் தகட்டுக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால், அதில் பழுதாகிப்போகும் சில்லுகளின் இழப்பைச் செய்யக் கொடுத்தவரே தாங்குகிறார். அதற்குச் ‘சேதாரம்’ என்ற சொல்லும் கூடவே கிடைத்துவிடுகிறது!

சொந்த ஆலை இல்லாமல் சில்லுகளை வடிவமைக்க மட்டும் செய்யும் ‘ஃபேப்லெஸ்’ நிறுவனத்துக்கு ‘ஆலையிலி’ போதும். ‘முதுகெலும்பிலி’ பழகிய மாணவருக்கு விளக்கம் தேவையில்லை.

சொல் தாங்குமா என்று இரண்டு வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். ‘சில்லு நிறுவனமான ஏஎம்டி 2009இல் தன் ஆலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டு ஆலையிலி ஆனது.’ ‘பெரும்பாலும் தன் சில்லுகளையே செய்துவந்த இன்டெல், செய்கூலி ஆலையாகவும் இயங்கப்போவதாக 2021இல் அறிவித்தது.’ ‘செய்கூலி ஆலை’ இருந்த இடத்தில் ‘வார்ப்பாலை’யை வைத்துப் பாருங்கள், இன்டெல்லில் என்ன மாறியது என்பதே தெரியாமல் போகிறது.

புதிய பருவத்துக்கான பாடக்குறிப்பை இம்மாத இறுதியில் படியெடுக்கக் கொடுக்க வேண்டும். கோவை ஐயாவின் மறுமொழியைப் பார்த்தபின் சொல்லை மாற்றலாம் என்று அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து