"கர்த்தர் ஒருவரே" என்று அறிக்கையிட்டுக்கொண்டே இயேசுவைத் தேவன் என்பது எப்படி? வேதபாடத்துக்கு உதவி தேவை

கொழும்பு13 கேட்டது:

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் நடக்கிற வேதபாடத்தில் இந்தத் தலைப்புக்கு 4 கிழமை ஒதுக்கியிருக்கிறோம். கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம். மெதடிஸ்த, கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே என்று எல்லா ஆக்களும் வருவார்கள். பிதா, குமாரன், ஆவி எல்லாம் ஒரே ஆள்தான் என்கிற "இயேசு நாமம்" சபையைச் சேர்ந்த இருவரும், இயேசுவைப் பிதாவுக்குச் சமமாக ஏற்காத யெகோவாவின் சாட்சிகளின் வெளியீடுகளை வடிவாகப் படித்த ஒருவரும் உண்டு. எல்லாருமே வேதத்தை மதிக்கிறவர்கள். ஆனால் இந்தப் பேச்சு தொடங்கினால் பத்து நிமிடத்தில் வசனத்துக்கு வசனம் எறிகிற போட்டியாகிவிடுகிறது.

எனக்குத் தெரியவேண்டியவை:

உபாகமம் 6:4-இல் வரும் "எக்காத்" என்ற எபிரேயச் சொல் "கூட்டு ஒருமை" (பலர் சேர்ந்த ஒன்று) என்று பல போதகர்கள் சொல்கிறார்கள். அந்த வாதம் நிற்குமா?

ஒரே தேவனைத் தவிர வேறு யாரையும் வணங்காத யூதர்கள்தான் முதல் விசுவாசிகள். அவர்கள் இயேசுவை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதை எந்த வசனத்தில் தொடங்கிக் காட்டுவது?

தண்ணீர், ஐஸ், நீராவி மாதிரியான உவமைகளைப் பாவிக்கலாமா?

உபாகமம்_வாசகர்:

பிரதர், எக்காத் வாதத்தை விட்டுவிடுங்கள். நல்ல நோக்கத்தோடு சொல்லப்படுகிற பிழையான வாதம் அது. எபிரேயம் தெரிந்த ஒருவர் வந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் உடைந்துவிடும், பிறகு நீங்கள் சொல்லும் சரியான காரியங்களையும் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

எக்காத் என்றால் வெறும் "ஒன்று". பழைய ஏற்பாட்டில் 900 தடவைக்கு மேல் வருகிறது. "இருவரும் ஒரே மாம்சமாயிருப்பார்கள்" என்ற ஆதியாகமம் 2:24-ஐ எல்லாரும் காட்டுவார்கள். பிரசங்கி 4:8-ஐக் காட்டுவதில்லை. துணைக்கு ஒருவருமில்லாத தனி ஆளைச் சொல்லவும் அங்கே அதே எக்காத்தான். தமிழிலேயே பாருங்கள்: "ஒரு சீப்பு வாழைப்பழம்" என்கிறோம். பல பழங்கள் என்பது "சீப்பு" என்ற சொல்லில் இருக்கிறதே தவிர "ஒரு" என்பதில் இல்லை. ஆதியாகமம் 2:24-இலும் அப்படித்தான், பன்மை "இருவர்" என்பதிலிருந்து வருகிறது.

"தனி ஒருமையைச் சொல்லவேண்டுமென்றால் மோசே யாகித் என்று எழுதியிருப்பாரே" என்பார்கள். யாகித் மொத்தம் 12 இடத்தில் வருகிறது. பெரும்பாலும் ஏக பிள்ளையையோ தனித்துத் தவிக்கிறவரையோ குறிக்கும், ஆதியாகமம் 22:2-இல் ஈசாக்கைப்போல. கடவுளைப் பற்றி எழுத அது இயல்பான சொல்லே இல்லை.

ஆக, எக்காத் திரியேகத்தை (பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதை) நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இஸ்ரவேலுக்குக் கர்த்தர் ஒருவரே, வேறொருவருக்கும் அந்த இடம் இல்லை. ஷெமா (யூதர் அறிக்கையிடும் இந்த உபாகமம் 6:4) சொல்வது அவ்வளவுதான்.

தொடங்கவேண்டிய இடம் 1 கொரிந்தியர் 8:4-6. கி.பி. 55-ஐ ஒட்டி எழுதப்பட்டது, சிலுவைக்குப் பிறகு ஏறத்தாழ 25 வருடம். விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பதுதான் அங்கே கேள்வி, அதாவது ஏக தேவ விசுவாசமே உரசப்படுகிற இடம். 4-ஆம் வசனத்தில் "ஒருவரேயன்றி வேறொரு தேவன் இல்லை" என்று யூதனாகவே பேசுகிறார் பவுல். 6-ஆம் வசனத்தில் "பிதாவாகிய ஒரே தேவன்", "இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர்" என்கிறார். கிரேக்க உபாகமம் 6:4-இல் உள்ள மூன்று சொற்களும் இங்கே இருக்கின்றன: தேயோஸ் (தேவன்), கூரியோஸ் (கர்த்தர்), ஹேயிஸ் (ஒருவர்). ஷெமாவுக்குப் பக்கத்தில் இயேசுவை இரண்டாவது தெய்வமாக அவர் கொண்டுவந்து வைக்கவில்லை. ஷெமாவின் சொற்களுக்குள்ளேயே பிதாவையும் இயேசுவையும் வைத்து வாசிக்கிறார். இரண்டு வசனத்தையும் ஒரு தாளில் இரண்டு நிரலாக எழுதி, ஒத்த சொற்களுக்கு ஒரே நிறத்தில் கோடு போடச் சொல்லுங்கள். முதல் கிழமைக்கு அது போதும்.

மட்டக்குளி15:

மேலே சொன்னது சரி. ஆனால் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து உட்காரும் கூட்டத்தில் அதற்கு முதலே ஒரு சிக்கல் வரும், "ஆண்டவர்" என்ற சொல்லில்.

கத்தோலிக்கரல்லாதவர்கள் வாசிக்கும் பழைய திருப்புதலில், எபிரேயத்தில் உள்ள கடவுளின் நாலெழுத்துப் பெயருக்குக் "கர்த்தர்" என்று போட்டிருக்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அதே பெயருக்கு "ஆண்டவர்". இப்போது "என் வலதுபாரிசத்தில் உட்காரும்" என்று வரும் சங்கீதம் 110:1-ஐ எடுங்கள். ஒருவர் "கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி" என்று வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் "ஆண்டவர் என் தலைவரிடம்" என்று வாசிப்பார். ஒருவருக்கு "ஆண்டவர்" வலதுபாரிசத்தில் உட்காருகிறவர், மற்றவருக்கு உட்காரச் சொல்கிறவர்! இது விளங்காமல் கால் மணித்தியாலம் வாதாடுவார்கள்.

எபிரேயத்தில் முதலாவது சொல் கடவுளின் பெயர். இரண்டாவது "அதோனி", அதாவது "என் எஜமான்". ராஜாவுக்கும் சொல்லலாம், வீட்டுத் தலைவனுக்கும் சொல்லலாம். கடவுளுக்கு மட்டுமே உரிய "அதோனாய்" அல்ல. அதோனாய் என்று அடித்துச் சொல்கிற போதகர்களும் உண்டு, அது பிழை. இரண்டுக்கும் மெய்யெழுத்துகள் ஒன்றே, உயிர்க்குறிதான் வித்தியாசம். அந்தக் குறிகள் பிற்காலத்தில் மசோரெத்தியர் என்ற யூத வேத அறிஞர் காலத்தில் போடப்பட்டவை என்றாலும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் "என் ஆண்டவர்" என்றே வாசிக்கிறது. இந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்கத் தேவையில்லை.

மாற்கு 12-இல் 28 முதல் 37 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். வேதபாரகன் கேட்க, இயேசு ஷெமாவை அப்படியே சொல்கிறார். அவன் "ஒரே தேவன் உண்டு, அவரைத்தவிர வேறொரு தேவன் இல்லை" என்று ஒத்துக்கொள்கிறான், அவனை அவர் மெச்சுகிறார். அது முடிந்த கையோடு சங்கீதம் 110-ஐ எடுத்து, தாவீது தன் குமாரனை ஆண்டவர் என்று அழைப்பது எப்படி என்று கேட்கிறார். நாங்கள் இந்த இரண்டையும் வேறு வேறு ஞாயிறுகளில் பிரசங்கிப்பதால் மாற்கு அவற்றை ஒட்டி வைத்திருப்பது தெரிவதில்லை.

மூன்று நிரலில் ஒரு தாள் தயாரியுங்கள்: மூலச்சொல் தமிழ் எழுத்தில், பழைய திருப்புதல், பொது மொழிபெயர்ப்பு. இன்னுமொன்று: பழைய திருப்புதலும் கூரியோஸை எல்லா இடத்திலும் "கர்த்தர்" ஆக்கவில்லை. பிலிப்பியர் 2:11-இல் "கர்த்தர்", யோவான் 20:28-இல் "என் ஆண்டவரே! என் தேவனே!". தமிழை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பிழைக்கும்.

ஏகன்:

நான் திரியேகத்தை ஏற்காத விசுவாசி. உங்கள் கூட்டத்தில் என்னைப்போல் ஒருவர் இருந்தால் என்ன கேட்பார் என்பதைச் சொல்கிறேன், நேர்மையாகப் பதில் தயாரியுங்கள்.

1 கொரிந்தியர் 8:6-இல் "ஒரே தேவன்" என்ற பட்டம் பிதாவுக்குத்தான். யோவான் 17:3-இல் இயேசுவே பிதாவை "ஒன்றான மெய்த்தேவன்" என்கிறார். பிலிப்பியர் 2:11-இல் எல்லா நாவும் அறிக்கைபண்ணுவது "பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக". யூத மரபில் தூதனுக்கு, அதாவது ஒருவர் அனுப்பிய பிரதிநிதிக்கு, ஒரு சட்ட நிலை உண்டு: "ஒருவனுடைய தூதன் அவனைப்போலவே" என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு, பெராகோத் 5:5-இல் சொல்கிறது. யாத்திராகமம் 23:21-இல் கடவுள் தம் நாமத்தையே ஒரு தூதனில் வைக்கிறார். அப்படியானால் கர்த்தரின் பெயரை இயேசு தாங்குவது அவர் அனுப்பப்பட்டவர் என்பதால்தான். ஏன் அதற்கு மேல் போகவேண்டும்?

உபாகமம்_வாசகர்:

கனமான கேள்வி, நன்றி. யோவான் 17:3-ஐத் தட்டிக்கழிக்கிற எவரும் இந்தப் பாடத்தை நடத்தக்கூடாது. தூதன் என்ற வகையும் உண்மையானது. இயேசுவே தம்மை அனுப்பப்பட்டவர் என்கிறார். அந்த வகை எங்கே போதாமல் போகிறது என்பதுதான் கேள்வி. என் பதில்: வணக்கத்தில்.

இங்கே கவனம் வேண்டும். மத்தேயுவில் "பணிந்துகொண்டார்கள்" என்று வருகிற இடங்களை அடுக்காதீர்கள். கிரேக்கத்தில் ப்ரொஸ்குனேயோ. மத்தேயு 18:26-இல் கடன்பட்ட வேலைக்காரன் எஜமானுக்கும் அதையே செய்கிறான். 1 நாளாகமம் 29:20-இல் சபையார் கர்த்தரையும் ராஜாவையும் சேர்த்தே பணிகிறார்கள். அந்தச் சொல் மட்டும் எதையும் நிலைநாட்டாது.

வெளிப்படுத்தல் 19:10-ஐ எடுங்கள். யோவான் தூதனுடைய காலில் விழுகிறார், தூதன் "இப்படிச் செய்யாதபடிக்குப் பார்" என்று தடுக்கிறான். 22:8-9-இல் திரும்பவும் அதே தடை. அதே புத்தகம் 5:13-இல் சிருஷ்டி முழுவதும் "சிங்காசனத்தின்மேல் வீற்றிருக்கிறவருக்கும் ஆட்டுக்குட்டியானவருக்கும்" ஒரே துதியைச் செலுத்துகிறது. அங்கே தடுக்க யாருமில்லை. தூதனுக்கும் ஆட்டுக்குட்டியானவருக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று யோவானே காட்டிவிடுகிறார்.

22:3-ஐயும் பாருங்கள். "தேவனும் ஆட்டுக்குட்டியானவரும்" என்று இருவரைச் சொன்ன பிறகு "அவரைச் சேவித்து" என்று ஒருமையில் வருகிறது, "அவர்களை" அல்ல. மூலத்தில் உள்ள வினை லத்ரேயுவோ, தேவாலய ஆராதனைக்குரிய சொல்.

பிலிப்பியர் 2:10-11 பற்றி: அது ஏசாயா 45:23-இன் வார்த்தைகள். முந்தின வசனம் "நானே தேவன், வேறொருவரும் இல்லை" என்கிறது. பழைய ஏற்பாட்டில் ஏக தேவனை இவ்வளவு அழுத்திச் சொல்கிற பகுதி அரிது, அதிலிருந்துதான் இயேசுவுக்கு முன் முடங்கும் முழங்காலைப் பவுல் எடுக்கிறார். நீங்கள் சொன்ன "பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக" என்பதையும் விடக்கூடாது. இயேசுவுக்குப் போகிற கனம் பிதாவிடமிருந்து பறிக்கப்பட்டதல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

1 கொரிந்தியர் 16:22-இல் "மாரனாதா" என்ற அரமேயிக் ஜெபம் இருக்கிறது, பழைய திருப்புதலில் மொழிபெயர்த்துவிட்டதால் கண்ணில் படாது. கிரேக்கம் பேசும் கொரிந்துவுக்கு எழுதும் கடிதத்தில் அரமேயிக் ஏன்? அரமேயிக் பேசிய யூத விசுவாசிகளிடமிருந்து அப்படியே வந்தது என்பதால்தான். "பிறகாலத்தில் கிரேக்கர்கள் இயேசுவைத் தெய்வமாக்கினார்கள்" என்கிறவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

மட்டக்குளி15:

உவமைகளுக்கு வருகிறேன். தண்ணீர், ஐஸ், நீராவி வேண்டாம். ஒரே பொருள் மூன்று நிலை எடுக்கிறது என்று சொன்னால் 3-ஆம் நூற்றாண்டின் சபேலியுவின் போதனையைத்தான் படிப்பிக்கிறீர்கள். இயேசு நாமம் சபைக்காரர் "இதைத்தானே நாங்களும் சொல்கிறோம்" என்பார், அவர் சொல்வது நியாயம். மாற்கு 1:10-11-இல் குமாரன் தண்ணீரிலிருந்து ஏறுகிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதாவின் சத்தம் வருகிறது, மூன்றும் ஒரே நேரத்தில். "ஒருவரே தகப்பன், கணவன், மகன்" என்பதும் இதே பிழை. முட்டையின் ஓடு, வெள்ளை, மஞ்சள் என்றால் தேவனை மூன்று துண்டாக்குகிறோம். ஓடு மட்டும் முட்டை ஆகாது.

உவமையைவிடப் பெரிய தொல்லை "ஆள்" என்ற சொல். "மூன்று ஆட்கள்", "மூன்று ஆள்தத்துவம்" என்று ஞானோபதேசத்தில் படித்தோம். வெளியே "மூன்று ஆக்கள் வந்தவை" என்றால் மூன்று தனித்தனி மனிதர். புறக்கோட்டையில் கூட வேலைசெய்கிற முஸ்லிம் சகோதரர் இதைக் கேட்டால் இணைவைத்தல் என்றுதான் எடுப்பார், அவரைக் குறை சொல்ல இடமில்லை. கிரேக்கப் பிதாக்களுக்கே இந்தச் சிரமம் இருந்தது. 325-இல் நிசேயா சங்கத்தில் ஊசியா, ஹிப்போஸ்தாசிஸ் (பிறகு "ஆள்" என்பதற்கு நின்ற சொல்) இரண்டும் ஒரே பொருளில்தான் வந்தன, பிறகுதான் பிரித்தார்கள். "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அந்தப் "பொருள்" தான் ஊசியா. மூன்றாம் கிழமையை இந்தச் சொற்களுக்கே விடுங்கள்.

கடைசியாக, 1 யோவான் 5:7-ஐப் பாவிக்கவேண்டாம். "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற வரி பழைய திருப்புதலில் உண்டு, பொது மொழிபெயர்ப்பில் இல்லை. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த எராஸ்முஸ் 1516, 1519 பதிப்புகளில் விட்டு 1522-இல்தான் சேர்த்தார். யெகோவாவின் சாட்சிகளைப் படித்தவருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்கும்.

கொழும்பு13:

எல்லாருக்கும் மிகவும் நன்றி, ஏகன் அண்ணாவுக்கும்தான். ஒரு கேள்வி மிச்சம். யூதர் தரப்பை எங்கள் கூட்டத்தில் சொல்ல ஒருவரும் இல்லை. "அவர்களுக்கு விளங்கவில்லை" என்று கடந்துபோக மனம் வரவில்லை. அதை எப்படிச் சொல்வது?

உபாகமம்_வாசகர்:

விளங்காமல் மறுக்கவில்லை, விளங்கித்தான் மறுத்தார்கள். யூத வேத ஆசிரியர்களான ரபிகள் "வானத்தில் இரண்டு அதிகாரங்கள்" என்ற போதனையைப் பெயர் சொல்லியே எதிர்த்தார்கள். தானியேல் 7:9-இல் "சிங்காசனங்கள்" என்று பன்மையில் வருவது அவர்களையும் உறுத்தியது. ரபி அக்கிபா ஒன்று கடவுளுக்கு, ஒன்று தாவீதுக்கு என்றார். அதற்காகக் கண்டிக்கப்பட்டார் என்று ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத், ஹகிகா 14அ சொல்கிறது. அடுத்த தாளில், எலிசா பென் அபுயா என்ற ரபி பரலோகத்தில் மெதத்ரோன் என்ற தூதன் உட்கார்ந்திருப்பதைக் கண்டு "இரண்டு அதிகாரங்களோ?" என்கிறார். அதற்காகத் தூதனுக்கு 60 நெருப்புச் சவுக்கடி விழுந்தது. எலிசாவுக்கு அதன்பின் பெயரே "அகேர்", மற்றவன்.

முதல் கிழமை பலகையில் இதை வரைந்து காட்டலாம். தோராச் சுருளில் ஷெமா வசனத்தின் முதல் சொல்லின் கடைசி எழுத்து அயினும், கடைசிச் சொல்லான எக்காத்தின் கடைசி எழுத்து தாலெத்தும் பெரிதாக எழுதப்படும். தாலெத்தின் மேல்கோடு வலப்பக்கம் ஒரு முனையாக வெளியே நீளும். அந்த முனை மழுங்கி வளைந்தால் அது ரேஷ் என்ற வேறு எழுத்து. ரேஷ் ஆனால் எக்காத் என்பது அகேர் என்று வாசிபடும், "கர்த்தர் வேறொருவர்" என்றாகிவிடும். யாத்திராகமம் 34:14-இல் "அந்நிய தேவன்" என்ற இடத்தில் வரும் அகேரின் ரேஷைப் பெரிதாக எழுதுவார்கள், அங்கே அதைத் தாலெத் என்று வாசித்துவிடாதபடி. ஒரு துளி மையின் முனைக்கு இவ்வளவு பயந்து எழுதிய மக்களிடமிருந்துதான் பவுல் வந்தார். வந்திருப்பவர்களை அந்த இரண்டு எழுத்தையும் தங்கள் கையால் எழுதிப் பார்க்கச் சொல்லிவிட்டு 1 கொரிந்தியர் 8:6-ஐத் திறவுங்கள்.