மறுமொழி: லேத் ரூலுக்குத் தமிழ் - "செருகு" சரிவராது

அண்ணை, லேத் (கடைச்சல் மெஷின்) ரூலுகளுக்கு, அதாவது அதில பூட்டி உலோகம் வெட்டுற கருவியளுக்கு, நீங்கள் போட்ட தமிழ்ச்சொல் பட்டியலைப் பாத்தன். ரூலின்ர நுனியில பூட்டிற இன்சேர்ட்டுக்கு "செருகு" எண்டு போட்டிருக்கிறியள், எனக்கு அது ஒத்துவரேல்ல. அந்தச் சின்னக் காபைட் (உருக்கை விடக் கடினமான வெட்டுப் பொருள்) துண்டை ஆரும் செருகிறேல்ல, பிடியில இருக்கிற குழிக்குள்ள வைச்சு நடு ஓட்டையால ஸ்குறூவைப் போட்டு இறுக்கிறதுதான், முனை தேஞ்சா கழட்டி மற்றப் பக்கம் திருப்பிறம், (எங்களிட்ட கூடப் புழங்கிற சாய்சதுரத் துண்டில ரெண்டு மூலைதான் பாவிக்கிறது) அதுவும் முடிஞ்சா எறிஞ்சுபோட்டுப் புதுசு. மாத்திறதுதான் அதின்ர வேலையே. அதால நான் சொல்லுறது "மாற்றுமுனை". பட்டறையில வாயால சொல்லேக்க மாத்துமுனை எண்டு வரும், வரட்டும்.

மற்றது, எல்லாத்துக்கும் "வெட்டுக்கருவி" எண்டு ஒரே சொல்லைப் போட்டா வீட்டில சின்ன லேத் வைச்சிருக்கிற பெடியனுக்கு ஒரு உதவியும் இல்லை. அவன் கிளிநொச்சியில இருந்துகொண்டு தண்ணிப்பம்பு சாஃப்டோ லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெஷின்) புஷ்ஷோ கடையிறான், ரூல் மழுங்கிப்போச்சு, இப்ப தீட்டுறதோ புதுசு வாங்கிறதோ? எச்.எஸ்.எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல் எண்ட உருக்கு) எண்டா சாதாரண அலுமினியம் ஒக்சைட் கல்லிலயே திரும்பத் திரும்பத் தீட்டலாம். காபைட்டை அந்தக் கல்லில பிடிச்சா கல்லுத்தான் தேயும், அதுக்குப் பச்சைக் கல்லு (சிலிக்கன் காபைட் கல்லு) இல்லாட்டி டயமன்ட் வீல் வேணும். அப்ப தீட்டுறதுக்கு "தீட்டுளி", மாத்திறதுக்கு "மாற்றுமுனை", பேரிலயே விடை கிடக்கு.

பழைய அரத்தில செய்யிற ரூலும் தீட்டுளிதான். அது காபன் உருக்கு, 200, 250 பாகை செல்சியஸ் சூடு தாண்டினா இளகத் தொடங்கிடும், எச்.எஸ்.எஸ் 600 பாகை கிட்ட வரைக்கும் தாங்கும். அதால அரத்து ரூலை மெல்லமாச் சுத்தவிட்டுப் பித்தளை, அலுமினியத்துக்குப் பாவிக்கலாம், தீட்டேக்க நீலம் பாய விடாமல் அடிக்கடி தண்ணியில தோய்க்கவேணும்.

உளி எண்டா சுத்தியலால அடிக்கிறதெல்லோ எண்டு ஒராள் கேட்டிருந்தார். கட்டில் கால் கடையிறவையின்ர உளிக்குச் சுத்தியல் இல்லை, அதுவும் கடைச்சல்தான்.

---

தம்பி, மாற்றுமுனைக்கு நான் சம்மதம், செருகை எடுத்துவிடுறன். அப்ப அதைப் பிடிக்கிற தண்டு முனைப்பிடி. ஆனா ஒண்டு விட்டிட்டீர், கடையில விக்கிற எச்.எஸ்.எஸ் சதுரக் கோல், 8 மில்லிமீற்றர், 10 மில்லிமீற்றர் எண்டு வாறது, அது இன்னும் உளியில்லை. புதுசாப் பழகிறவை அதை அப்பிடியே பூட்டிப்போட்டு வெட்டுதில்லை எண்டு நிக்கினம். வெட்டுற நுனிக்குக் கீழ முன்பக்கமும் பக்கவாட்டும் ஒரு 8, 10 பாகை உள்ளுக்குச் சரிச்சுத் தீட்டினாத்தான் நுனி மட்டும் இரும்பில முட்டும், இல்லாட்டி உடம்பு உரஞ்சும். தீட்டாததுக்கு "உளிக்கோல்" எண்டும் அந்தச் சரிவுக்கு "விடுகோணம்" எண்டும் வைப்பமோ?

---

உளிக்கோல் நல்லாக் கிடக்கு அண்ணை, ஏத்துங்கோ. விடுகோணமும் சரி, உரஞ்சாமல் விடுற கோணம்தானே. மேற்பக்கச் சரிவுக்கு "வாட்டக்கோணம்" எண்டு கேக்கிறன், ஓடு வாட்டம் தண்ணி வாட்டம் எண்டு சனம் சொல்லுற வாட்டம்தான், சீவல் வழிஞ்சு ஓடுறதும் அந்தப் பக்கத்தாலதான். பித்தளைக்கு வாட்டம் பூச்சியம் எண்டதையும் பக்கத்திலயே எழுதிவிடுங்கோ, வாட்டம் கூடினா ரூல் பித்தளைக்குள்ள இழுபட்டு வேலையைப் பழுதாக்கிப்போடும். கடைஞ்ச துண்டை அறுத்துப் பிரிக்கிற பார்ட்டிங் ரூலுக்கு "துண்டிப்புளி" எண்டு யோசிச்சன், வாயில வழுக்குது, ஆரும் வேற சொல்லுங்கோ.