பழைய கல்யாணப் படத்தில் இருப்பது அம்பாசிடரா, லேண்ட்மாஸ்டரா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): கருப்பு வெள்ளைப் படமுங்க. காரின் முன்பக்கம் சாய்வாத் தெரியுது. நம்பர் பிளேட்டில் கே.எல்.பி. மட்டும் புரியுது. அம்பாசிடர்தானுங்களா?

பதில்: பானெட்டை, அதாவது என்ஜின் மூடியைப் பாருங்க. வழுவழுன்னு இருந்தா லேண்ட்மாஸ்டர், அதாவது அம்பாசிடருக்கு முந்தின இந்துஸ்தான் மோட்டார்ஸ் கார். நீளவாக்கில் வரிப்பள்ளம் ஓடினா அம்பாசிடர். பின்பக்கம் தெரியுற வேற படம் இருந்தா இன்னும் உறுதி: அம்பாசிடருக்குச் சின்ன வால்துடுப்பு நிக்கும், லேண்ட்மாஸ்டருக்குப் பின்பக்கம் உருண்டையா வளைஞ்சு இறங்கிடும். முன்பக்கக் கிரில் பொடிக் கட்டமா இருந்தா மார்க் 2, அதாவது அம்பாசிடரோட ரெண்டாவது மாடல், 1963க்கு அப்புறம்.

பதில்: கே.எல்.பி. பாலக்காட்டுப் பதிவு. 1956 நவம்பர் வரை பாலக்காடு சென்னை மாநிலத்துல இருந்துச்சு, அதனால பிளேட் அதுக்குப் பிந்தியது. ஆனா வண்டி மறுபதிவாவும் இருக்கலாம். பிளேட்டை வெச்சு மாடல் ஆண்டு சொல்லவே கூடாதுங்க.

பதில்: 1200 டிபிஐயில் ஸ்கேன் பண்ணிப் போடுங்க. ஃபோன்னா ஃபிளாஷ் வேண்டாம். பளபளப்புத் தாளில் வெளிச்சம் அடிச்சு பானெட் வரியே மறைஞ்சுடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.