வயிறு நிறைந்த இறால் விஷத்தைத் தாங்குமா?

ஆரணியாறு: ஆந்திராவில் உள்ள தடா ஊர் இறால் பண்ணைக்காரர் ஒருவர் நேற்று இங்கே எழுதினார்: "தீனி குறையாமல் இருந்தால் அழுக்குத் தண்ணீர் இறாலை ஒன்றும் செய்யாது." படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. பழவேற்காடு ஏரியில் மடவை மீன் தின்பதே அடிச்சேறும் பாசியும்தான். கழிவில் வரும் உலோகம் படிவதும் அதே சேற்றில்தான். நிறையத் தின்றால் நிறைய விஷம் உள்ளே போகும். இதில் தாங்குவது எங்கே வந்தது?

தடா இறால்: நான் எழுதியது இறாலைப் பற்றி. மடவையை இழுத்தது நீங்கள். எனக்கு 2 குளம், இரண்டுக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர். தீனி குறைந்த குளத்தில் இறால் கரையோரம் ஒதுங்கிச் செத்தது. மற்றது தாங்கியது. கண்ணால் பார்த்தேன்.

தண்ணீர்த்தெள்ளு: தடா அண்ணன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. விஷத்தை முறிக்கவும் வெளியே தள்ளவும் உடம்புக்குச் சக்தி வேண்டும். டாஃப்னியா என்ற தண்ணீர்த்தெள்ளை வைத்துச் செய்யும் 48 மணி நேரச் சோதனையில் தீனி கிடையாது, 21 நாள் சோதனையில் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது. அப்புறம், பாசி இருந்தால் தண்ணீரில் உள்ள செம்பு உலோகத்தில் ஒரு பங்கு அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஆரணியாறு: ஒட்டிய பாசியைத் தின்பது யார் தம்பி?

தடா இறால்: தாங்கியது என்கிறேன்.

நண்டுக்காரி: பட்டினியை யாரும் பேசவில்லையே. மீன் இளைத்தால் கொழுப்பு கரையும், அதில் தேங்கிய டிடிடி பூச்சிமருந்து ரத்தத்துக்கு வரும். முகத்துவாரம் மணலடைத்த வருடம் என் வீட்டுக்காரர் கொண்டுவந்த களி நண்டை உடைத்தால் சதையே இல்லை, தண்ணீர் வழிந்தது. அந்த நண்டு எதைத் தாங்கும்?

தடா இறால்: அக்கா, அப்படியென்றால் தீனி வேண்டும் என்பதுதானே?

ஆரணியாறு: உங்கள் தீனி தெரியும். தின்றதா என்று பார்க்க வைக்கும் செக் ட்ரே தட்டில் மிச்சம் கிடக்கும்போதே அடுத்த வேளையும் கொட்டுவீர்கள். அது அடியில் அழுகி அம்மோனியா ஆகும். பிற்பகலில் காரத்தன்மை ஏறினால் அதே அம்மோனியா இன்னும் கொல்லும். அந்தத் தண்ணீரைத்தான் எங்கள் ஏரியில் திறந்துவிடுகிறீர்கள். இங்கே முகத்துவாரம் பற்றிய திரியிலும் இதைக் கேட்டேன், ஓடிப்போனீர்கள்.

தடா இறால்: ஓடவில்லை, அன்று அறுவடை. "எங்கள் ஏரி"யா? ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. என் பாட்டனும் தமிழ் பேசித்தான் அங்கே வலை விரித்தார்.

ஆரணியாறு: பாட்டன், மீன்பிடி இடத்தை முறை வைத்துப் பங்கிடும் பாடு வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு, முறை வந்த நாளில் மட்டும் இறங்கினார். நீங்கள் கரையையே வெட்டிக் குளமாக்கினீர்கள்.

தடா இறால்: பட்டா நிலத்தில் வெட்டினேன். பாடு எங்கள் ஊருக்கு எத்தனை நாள் விட்டீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

தண்ணீர்த்தெள்ளு: பேச்சு எங்கேயோ போகிறது. எந்த விஷம், எவ்வளவு, எத்தனை நாள் என்று…

ஆரணியாறு: சோதனைக்கூடத்தில் இருங்கள் தம்பி. ஒட்டிய பாசியைத் தின்பது யார்? இரண்டாம் தடவை கேட்கிறேன்.

தடா இறால்: குளத்துக்கு வந்து பாருங்கள். தாங்கியது.

ஆரணியாறு: மூன்றாம் தடவை கேட்கிறேன்.